பூஜ்யம் வேறு, மௌனம் வேறு

நம் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் அளவுக் கருவிகள் இடம் பெற்று வருகின்றன. சாயச்சாலைத் தொட்டியின் வெப்பத்தைக் காட்டும் கருவி, நூற்பாலைக் காற்றின் ஈரத்தைக் காட்டும் கருவி, சர்க்கரை ஆலைக் கொதிகலனில் நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் கருவி, விவசாயிகளின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் காட்டும் கருவி என்று அவை பல வகைப்படும். இவற்றுக்கான விலைப்புள்ளிகள் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, ஏறக்குறைய ஒவ்வொரு தாளிலும் "4–20 மில்லி ஆம்பியர்" என்ற தொடர் காணப்படும். குழுவினர் விலையைப் பார்க்கின்றனர், வரியைப் பார்க்கின்றனர், உத்தரவாதக் காலத்தையும் பார்க்கின்றனர். இத்தொடரோ பொறியாளருக்கு உரியது என்று விடப்படுகிறது.

அங்கத்தினரின் நூலையும் கூலியையும் காக்கும் விஷயம் ஒன்று இச்சிறு தொடரில் அடங்கியிருக்கிறது. ஆகவே அதன் பொருளை எல்லோரும் அறிந்துகொள்ளுதல் நலம். இதற்கு மின்சாரக் கல்வி வேண்டுவதில்லை. வாய்க்காலில் நீர் ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கம்பியில் செல்லும் செய்தி

அளவுக் கருவி ஓரிடத்தில் இருக்கிறது. அதன் அளவைப் படித்துப் பார்க்க வேண்டியவர் வேறோரிடத்தில் இருக்கிறார். சாயத்தொட்டியின் ஓரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழல் பொருத்தப்பட்டிருக்கும். அது உணர்ந்ததைக் காட்டும் பலகையோ நூறடி தள்ளி உள்ள அறையில் இருக்கும். ஆற்றங்கரை நீரேற்று நிலையத்துக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் இடையே அரை மைல் தூரம் இருப்பதும் உண்டு. இடையில் இரண்டு கம்பிகள் செல்கின்றன. அக்கம்பிகளின் வழியே செய்தியை எவ்வாறு அனுப்புவது?

ஒரு வழி, மின்னழுத்தத்தைக் கொண்டு அனுப்புவது. வெப்பம் மிகுந்தால் வோல்ட் மிகும்; வெப்பம் குறைந்தால் வோல்ட் குறையும். 0 முதல் 10 வோல்ட் வரை என்று ஓர் ஏற்பாடு உண்டு. அருகருகே உள்ள கருவிகளுக்கு இது போதும். தூரம் கூடும்போது தொல்லைகள் தோன்றுகின்றன. கம்பிக்கும் தடை உண்டு. மழையில் நனைந்து துருவேறிய இணைப்புக்கும் தடை உண்டு. அத்தடைகளில் மின்னழுத்தத்தின் ஒரு பகுதி இழக்கப்படலாம். அருகில் ஓடும் பெரிய மோட்டாரின் மின்கம்பியிலிருந்து வேண்டாத அழுத்தம் வந்து கலக்கலாம். அனுப்புமிடத்தின் நிலமும் பெறுமிடத்தின் நிலமும் மின்சார முறையில் ஒரே மட்டத்தில் இல்லாதிருக்கலாம். இவை சேர்ந்து அளவைப் பிறழச் செய்கின்றன.

மற்றொரு வழி, மின்னோட்டத்தைக் கொண்டு அனுப்புவது. இதுவே மின்னோட்ட வளையம் எனப்படும். மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் முதற் கம்பியில் சென்று, அளவுக் கருவியினூடே பாய்ந்து, இரண்டாம் கம்பியில் திரும்பி, காட்டும் பலகையைக் கடந்து, மின்கலத்தையே வந்தடைகிறது. கிளையில்லாத ஒரு வளையத்தில் எவ்விடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றாகவே இருக்கும். 1845ஆம் ஆண்டில் கிர்க்காஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த விதிகளால் இது விளங்கும்.

கிளை மதகுகளும் கசிவும் இல்லாத வாய்க்கால் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தலைமதகில் வினாடிக்கு எத்தனை படி நீர் விடப்படுகிறதோ, கடைமடையிலும் வினாடிக்கு அத்தனை படி நீரே வந்து சேரும். இடையில் புல் முளைத்திருந்தால் நீர்மட்டம் சற்று ஏறி இறங்கலாம்; வந்து சேரும் நீரின் அளவு மாறாது. மட்டத்தைச் செய்தியாகக் கொண்டவன் புல்லால் ஏமாறுவான். ஓட்டத்தைச் செய்தியாகக் கொண்டவன் ஏமாறான்.

இதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 18 ஓம் தடை உண்டு. கருவி 500 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வரக் கம்பி 1 கிலோமீட்டர். 20 மில்லி ஆம்பியர் ஓடும்போது அக்கம்பியில் செலவாகும் மின்னழுத்தம் 0.36 வோல்ட். பெறுமிடத்தில் வழக்கமாக வைக்கப்படும் 250 ஓம் தடையில் செலவாவது 5 வோல்ட். மின்கலம் தருவது 24 வோல்ட் எனில், அளவுக் கருவிக்கு 18 வோல்ட்டுக்கு மேல் எஞ்சுகிறது. இணைப்பொன்று துருவேறி மேலும் 100 ஓம் தடை கூடினாலும் 2 வோல்ட்தான் குறையும். 12 வோல்ட் கிடைத்தால் வேலை செய்யும் கருவி தன் மின்னோட்டத்தைச் சிறிதும் மாற்றாது. கையிருப்பு உள்ளவரை வழிச்செலவு கூடினாலும் ஒப்படைக்கும் தொகை குறையாது என்பது போன்றது இது.

தந்தியில் தொடங்கிய வழி

இவ்வழி நேற்று தோன்றியதன்று. 1833ஆம் ஆண்டில் கவுஸ், வெபர் என்னும் இருவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கூரைகளுக்கு மேல் கம்பி இழுத்து, அதில் ஓடிய மின்னோட்டத்தால் ஒரு காந்த ஊசியை அசைத்துச் செய்தி அனுப்பினர். 1844 மே 24ஆம் நாள் மோர்ஸ் என்பவர் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குத் தந்தி அனுப்பினார். இந்தியாவில் ஓஷானஸி என்னும் மருத்துவர் முன்னின்று அமைத்த சோதனைத் தந்திப் பாதை, 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தொடங்கப்பெற்றது. நம் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியையும் துக்கத்தையும் கொண்டுவந்த பொதுத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பெற்றது.

அமெரிக்கத் தந்திப் பாதைகளில் ஒரு வழக்கம் இருந்தது. செய்தி இல்லாத வேளையிலும் கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அனுப்புவோர் அதை விட்டுவிட்டு நிறுத்தியே எழுத்துக்களைக் குறித்தனர். கம்பி எங்கேனும் அறுந்தால் மின்னோட்டம் நின்றுபோகும். பாதையில் உள்ள எல்லா நிலையங்களும் அதை உடனே அறியும். செய்தி வராததற்குக் காரணம் செய்தி இல்லாமையா, பாதை இல்லாமையா என்ற ஐயம் அங்கே எழவில்லை.

இரயில்வேயில் இக்கருத்து உயிர் காக்கும் ஏற்பாடாயிற்று. 1872ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் தண்டவாளங்களையே கம்பியாகக் கொண்ட ஒரு வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால் பாதை காலி என்று பொருள். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிடும்; கைகாட்டி 'நில்' என்று காட்டும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் அதே 'நில்' என்ற குறிதான். மின்னோட்டத்தைத் துண்டிக்குமாறு தண்டவாளம் முறிந்தாலும் அவ்வாறே. பழுது நேர்ந்தால் ஏற்பாடு ஆபத்தின் பக்கம் சாயாது, பாதுகாப்பின் பக்கமே சாய்கிறது.

பின்னர் வந்த டெலிபிரிண்டர் இயந்திரங்களும் 60 அல்லது 20 மில்லி ஆம்பியர் ஓடும் வளையங்களில் இயங்கின. அவற்றை நம் நாட்டிலேயே செய்வதற்காக 1960ஆம் ஆண்டில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் அரசு நிறுவனம் சென்னையில் நிறுவப்பெற்றது. 1963இல் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் இயந்திரத்தைக் கணிப்பொறிகளுடன் இணைத்ததும் 20 மில்லி ஆம்பியர் வளையமே.

நான்கில் தொடங்குவது ஏன்?

இனி விலைப்புள்ளியில் கண்ட தொடருக்கு வருவோம். ஆலைகளில் மின்கருவிகள் பரவுமுன் அளவுகளைக் குழாய்களில் அடைத்த காற்றால் அனுப்பினர். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தம் என்றால் அளவு பூஜ்யம்; 15 பவுண்டு என்றால் அளவு முழுமை. குழாய் உடைந்தால் அழுத்தம் 3க்கும் கீழே விழும். பழுது என்று அறியலாம். மின்னோட்ட வளையம் வந்தபோது இதே விகிதத்தில் 4 முதல் 20 வரை என்ற முறை நிலைபெற்றது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட தர நிர்ணயமும் இதனை ஏற்றுள்ளது.

தொட்டியின் வெப்பம் 0 முதல் 100 டிகிரி வரை அளக்கப்படுவதாகக் கொள்வோம். 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்பியர். 100 டிகிரிக்கு 20. இடையே உள்ளவை 16. ஆகவே ஒரு டிகிரிக்கு 0.16 மில்லி ஆம்பியர். 50 டிகிரிக்கு 12 ஓடும். 80 டிகிரிக்கு 16.8 ஓடும். 5 மீட்டர் ஆழமுள்ள நீர்த்தொட்டியில் 8.8 மில்லி ஆம்பியர் ஓடினால் நீர்மட்டம் ஒன்றரை மீட்டர். இக்கணக்கை நம் சங்கத்து எழுத்தர் எவரும் போட்டுவிடலாம்.

பூஜ்ய அளவுக்கும் 4 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. இதனை உயிருள்ள பூஜ்யம் என்பர். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. அந்த 4 மில்லி ஆம்பியரைக் கொண்டே தொலைவிலுள்ள கருவி இயங்குகிறது. அதற்குத் தனி மின்கம்பி தேவைப்படுவதில்லை. இது முதல் நன்மை. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4க்கும் கீழே விழுந்து மறைந்துவிடும். ஆதலின் அளவு பூஜ்யமாக இருப்பதும் செய்தியே வராமற் போவதும் தனித்தனியே தெரியும். இது இரண்டாவது, பெரிய நன்மை. ஆலைக் கருவியாளரிடையே பரவியுள்ள ஒரு பரிந்துரையின்படி, 3.8 முதல் 20.5 வரை உள்ளவை அளவுகள், 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் உள்ளவை பழுதின் அறிகுறிகள்.

நம் கூட்டுறவுத் துறையில் இக்கருத்துக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. ஒரு மாதத்தில் நிலுவை எதுவும் இல்லையெனில் சங்கம் வாளாவிருக்கலாகாது. 'இன்மை அறிக்கை' அனுப்பியாக வேண்டும். ஏன்? அறிக்கையே வராவிட்டால், நிலுவை இல்லை என்பதா, எழுத்தர் எழுதவில்லை என்பதா, தபால் தவறியது என்பதா என்று எவரும் அறிய இயலாது. காலியாக விட்ட கட்டத்தைத் தணிக்கையாளர் ஏற்பதில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்கிறார். 4 மில்லி ஆம்பியர் என்பது கருவி ஒவ்வொரு கணமும் அனுப்பும் இன்மை அறிக்கையே.

ஒரு சாயச்சாலையில் கண்டது

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் சாயத்தொட்டிக்கு நீராவி விடும் வால்வைத் தானே திறந்து மூடும் கருவி அமைக்கப்பட்டிருந்தது. விலை சற்றுக் குறைவு என்பதால் 0 முதல் 10 வோல்ட் வரை அனுப்பும் ஏற்பாடு வாங்கப்பட்டிருந்தது. ஒரு நாள் எலி கடித்துக் கம்பி அறுந்தது. பலகையில் 0 டிகிரி என்று தோன்றியது. வெப்பம் குறைந்துவிட்டது என்று கருவி கொண்டது. நீராவி வால்வை முழுவதும் திறந்துவிட்டது. 80 டிகிரியில் இருக்க வேண்டிய சாயநீர் கொதித்துப் பொங்கத் தொடங்கியது.

அங்கே இருந்த மூத்த சாயத் தொழிலாளி பலகையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், ஓடிச்சென்று கையால் வால்வை மூடினார். பொங்கிய நீர் எவர் மீதும் படவில்லை. ஆனால் அன்று தொட்டியில் இருந்த நூல் நிறம் திட்டுத்திட்டாகிப் பாவுக்கு உதவாமற் போயிற்று. அந்நூலை எதிர்பார்த்திருந்த தறிகள் சில நாட்கள் சும்மா நின்றன. அத்தறிக்காரர்களுக்கு அந்நாட்களின் கூலி இல்லை.

கருவியை நம்பாமல் தொட்டியை நம்பியது எவ்வாறு என்று அவரிடம் கேட்டோம். "ஐயா, இந்த அறையே முப்பது டிகிரிக்குக் குறையாது. தொட்டி பூஜ்யம் என்றால் தண்ணீர் பனிக்கட்டியாக அல்லவா இருக்க வேண்டும்? அது பூஜ்யம் சொல்லவில்லை, பேச்சே இல்லை என்று தெரிந்துகொண்டேன்" என்றார்.

பள்ளியில் அதிகம் படியாத அப்பெரியவர் தம் அனுபவத்தால் செய்த வேறுபாட்டைத்தான் 4–20 என்னும் முறை கருவிக்குச் செய்ய வல்லது. எனினும் அம்முறையை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. பெறும் கருவியில், மின்னோட்டம் 3.6க்குக் கீழ் விழுந்தால் அளவு எனக் கொள்ளாதே, நீராவியை மூடு, மணியை அடி என்று முன்னரே அமைத்திருக்க வேண்டும். அவ்வாறு அமைக்காவிடில் அதுவும் பூஜ்யத்துக்குக் கீழே ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டு, வால்வைத் திறந்தே வைக்கக்கூடும்.

வளையம் சொல்லாதது

இம்முறையின் எல்லைகளையும் சொல்லுதல் முறை. ஒரு வளையம் ஓர் அளவையே கொண்டு செல்லும். பத்து அளவுகளுக்குப் பத்து இணைக் கம்பிகள் வேண்டும். ஒரே வளையத்தில் காட்டும் பலகை, பதிவுக் கருவி முதலியவற்றை வரிசையாகக் கோக்கலாம். ஆனால் ஒன்றைக் கழற்றினால் எல்லாம் நின்றுபோகும். கம்பிகளுக்கிடையே ஈரம் புகுந்தால், கருவியைக் கடவாமலே சிறிது மின்னோட்டம் குறுக்கே கசிந்து, அளவை உள்ளதைவிட மிகுத்துக் காட்டும். வாய்க்காலில் கசிவு இல்லாதவரை என்று மேலே சொன்ன நிபந்தனையை இங்கு நினைவு கொள்ளவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய எல்லை வேறொன்று. பாதை உயிருடன் இருக்கிறது என்பதை வளையம் சொல்லும். அதில் வரும் அளவு உண்மையானது என்பதைச் சொல்லாது. 2005 டிசம்பர் 11ஆம் நாள் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே 912 என்ற எண்ணுள்ள தொட்டியில் பெட்ரோல் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணியளவிலிருந்து மட்டக் கருவி ஒரே அளவில் நின்றுவிட்டது. பெட்ரோலோ ஏறிக்கொண்டே இருந்தது. மட்டம் மிகுந்தால் நிறுத்த வேண்டிய தனி விசையும் வேலை செய்யவில்லை. தொட்டி வழிந்து, காலை 6 மணியளவில் வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் தீக்கிரையாயின. கருவி மௌனமாக இல்லை, பேசியது, ஆனால் பழையதையே பேசியது. மாதந்தோறும் ஒரே இருப்பைக் காட்டும் பேரேடு எவ்வளவு ஐயத்துக்குரியதோ, நீர் ஏறும்போதும் அசையாத முள்ளும் அவ்வளவு ஐயத்துக்குரியது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

கருவி வாங்கும் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலாவது: விலைப்புள்ளி கோரும்போதே, கம்பி அறுந்தால் கருவி என்ன செய்யும் என்பதை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். பாதுகாப்பின் பக்கம் எது என்பது இடத்துக்கு இடம் மாறும். சாயத்தொட்டிக்கு நீராவியை மூடுவது பாதுகாப்பு. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டாரை நிறுத்துவது பாதுகாப்பு. பால் குளிரூட்டியில் குளிர்ச்சியை நிறுத்தினால் பால் கெடும். இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவ்விடத்தில் வேலை செய்வோரைக் கலந்துகொண்ட நிர்வாகக் குழுவினரே, விற்பவர் அல்லர்.

இரண்டாவது: செய்திக் கம்பியை மோட்டார்க் கம்பியோடு ஒரே குழாயில் இழுக்க விடலாகாது. உறையிட்ட முறுக்குக் கம்பியைப் பயன்படுத்தி, உறையை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைக்கும்படி சொல்ல வேண்டும்.

மூன்றாவது: கருவி காட்டும் அளவைக் கைக்கருவியால் அளந்து ஒப்பிட்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பதிவேட்டில் எழுத வேண்டும். 4, 12, 20 என்ற மூன்றிடங்களிலும் பலகை காட்டுவது குறிக்கப்பட வேண்டும். இதற்கு மின்பணியாளரிடம் உள்ள சாதாரண அளவியே போதுமானது.

நான்காவது: தீங்கு பெரிதாக விளையக்கூடிய இடங்களில் ஒரே கருவியை நம்பலாகாது. முதற் கருவியைச் சாராத ஒரு தனி விசை இருக்க வேண்டும். அதையும் அவ்வப்போது இயக்கிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது: பணி முடிந்ததென்று சான்று அளித்து இறுதித் தொகையை வழங்குமுன், குழு அங்கத்தினர் இருவரேனும் நேரில் நிற்க, செய்திக் கம்பியின் ஒரு முனையைக் கழற்றச் செய்ய வேண்டும். மணி அடிக்கிறதா, நீராவி வால்வு மூடுகிறதா, பலகை பழுது என்று சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பலகையில் ஓர் எண் மட்டும் தோன்றி வேறெதுவும் நிகழாவிடில், அமைப்பு முடிவடையவில்லை என்று எழுதித் தொகையை நிறுத்தி வைக்கச் சங்கத்துக்கு உரிமை இருக்கும்படி ஒப்பந்தத்திலேயே விதித்துக்கொள்ள வேண்டும்.

இச்சோதனைக்கு வேண்டுவன ஒரு திருப்புளியும் ஐந்து நிமிடமுமே. அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து, இச்சோதனை செய்யப்பட்டதா, அதன் முடிவு எந்தப் பதிவேட்டில் எந்தத் தேதியில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பார்களாக.